பழைய லேப்டாப்பில் வீடியோ திக்குகிறதா?

உடனே நெட்டைக் குறை சொல்லாதீர்கள். வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு (லேப்டாப்பின் மூளையான சிப்) 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் கோளாறு லேப்டாப்பில்தான். 2012 வாக்கில் வந்த சிப்புகளுக்கு ஹெச்.264 என்ற வீடியோ வடிவம் மட்டுமே எளிது. யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களின் சுமை முழுக்க சிபியு தலையில் விழும். ஃபயர்ஃபாக்ஸில், யூடியூபை ஹெச்.264-லேயே அனுப்பவைக்கும் ஹெச்264ஃபை எக்ஸ்டென்ஷன் போடுங்கள். போதவில்லையா, தரத்தை 480பி-க்கு இறக்குங்கள்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்கினால் சூடுதான் காரணம். ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் இது அதிகம்: உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி பிசுபிசுத்து, ஃபேனுக்குப் பக்கத்துத் தகட்டிடுக்கில் கம்பளிபோல் அப்பிவிடும். அணைத்து, பேட்டரியைக் கழற்றி, இறக்கை சுழலாமல் பிடித்துக்கொண்டு காய்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.