ஒரே ஒரு செல்பேசியோடு வகுப்பு முழுவதையும் பதில் சொல்ல வைப்பது எப்படி? பிளிக்கர்ஸ் செய்முறை

மாணவர்கள் செல்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. கணினி ஆய்வகம் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. நம் பள்ளிகள் பலவற்றில் இதுதான் நிலைமை. வகுப்பில் வினாடி வினா நடத்த உதவும் கஹூட், மென்டிமீட்டர் எல்லாம் நல்ல செயலிகள்தான், ஆனால் மாணவர்கள் கையில் கருவி வேண்டும். பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு ஆசிரியரின் ஸ்மார்ட்போன், கொஞ்சம் மொபைல் டேட்டா, அச்சடித்த அட்டைகள் போதும். புரொஜெக்டர் இருந்தால் வசதி; இல்லாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடலாம்.

ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். தன் விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிப்பார். ஆசிரியரின் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து மாணவரைப் பார்த்து எழுத முடியாது. "தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றால் வழக்கமான நான்கு கைகள்தான் உயரும். இதில் கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் பிள்ளையின் விடையும் வந்து சேரும்.

கணினி ஆய்வகம் உள்ள பள்ளியிலும் கணக்குப் பாடத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். கஹூட்டின் வழக்கமான அமைப்பில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. நிதானமாக யோசிக்கும் பிள்ளைக்கு அது அநியாயம்.

1. கணக்கும் வகுப்புப் பட்டியலும்

பிளிக்கர்ஸ் இணையதளத்தில் ஆசிரியர் கணக்கு தொடங்கி, வகுப்பு ஒன்றை உருவாக்கி, மாணவர் பட்டியலை ஒட்டுங்கள். வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே ஒட்டினால் பதிவு எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாகிவிடும். முழுப்பெயர் தேவையில்லை, பெயரின் முதல் பகுதியும் எண்ணும் போதும். பிள்ளைகளின் விவரத்தை வெளி இணையதளத்தில் எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பிறகு அதே கணக்கில் செல்பேசிச் செயலியைத் திறந்துகொள்ளுங்கள்.

2. அட்டை அச்சடிப்பது

பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. 40 பேர் வரை உள்ள வகுப்புக்கு 40 அட்டைத் தொகுப்பு. அதற்கு மேல் என்றால் 63 அட்டைத் தொகுப்பு. இரண்டும் இணையதளத்தில் இலவசம். ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை வரும்.

சாதாரண ஜெராக்ஸ் தாள் வேண்டாம். கையில் பிடித்ததும் வளையும், வளைந்த வடிவத்தைக் கேமரா தவறவிடும். 200 ஜிஎஸ்எம் தடித்த தாளில் அச்சடியுங்கள். கறுப்பு நல்ல கறுப்பாக விழ வேண்டும். டோனர் தீர்ந்துபோன ஜெராக்ஸில் நடுவில் வெளிறிப்போன அட்டையைத்தான் வகுப்பில் கேமரா படிக்காது. கத்தரிக்கும்போது கறுப்பை ஒட்டி வெட்டாதீர்கள். சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்கட்டும்; கேமராவுக்கு எல்லை காட்டுவதும், மாணவர் விரல் வைக்கும் இடமும் அதுதான். பளபளப்பான லேமினேஷன் கூடாது. டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் பட்டு மின்னி, கறுப்பு இடமே வெள்ளையாகத் தெரியும்.

3. கேள்வி அமைப்பது

இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு 5 கேள்விகள்தான். ஒரு பாடவேளைக்கு அது தாராளம்.

தவறான விடைகளைச் சும்மா நிரப்பாதீர்கள். மாணவர்கள் உண்மையில் செய்யும் தவறு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். தசம எண் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு:

இவற்றுள் பெரியது எது?
ஏ. 0.125
பி. 0.4
சி. 0.09

ஏ என்பவர் புள்ளிக்குப் பிறகு வருவதை 125 என்று முழு எண்ணாகப் படிக்கிறார். சி என்பவர் நடுவில் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு 9ஐ மட்டும் பார்க்கிறார். இரண்டு குழப்பங்களுக்கும் மருந்து வேறு. எது எத்தனை பேருக்கு என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நான்காவது விடை இயல்பாகக் கிடைக்கவில்லையென்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழ்வழிப் பாடநூல்களில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்று இருக்கும். அட்டையில் ஆங்கில எழுத்து. கரும்பலகையில் எழுதும்போது அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். இல்லாவிட்டால் பாடம் தெரிந்த பிள்ளையும் அட்டையைத் தவறாகத் திருப்பும்.

4. ஸ்கேன் செய்வது

செயலியில் கேள்வியைத் திறந்து, கீழே உள்ள வட்டப் பொத்தானைத் தொட்டு, செல்பேசியை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். புகைப்படம் எடுப்பதுபோல் ஒவ்வொருவரிடமும் நிற்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பல அட்டைகளைப் படித்துவிடும்.

சில பெயர்கள் மட்டும் விடுபட்டால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் விரல்: பெருவிரல் நுனி கறுப்பின்மேல் ஏறியிருந்தாலே அட்டையைக் கேமரா படிக்காது. அடுத்து சாய்வு: அட்டை கேமராவை நேராகப் பார்க்க வேண்டும், கூரையை அல்ல. பிறகு மறைப்பு: பின்வரிசையினர் தலைக்கு மேல் தூக்கட்டும், முன்வரிசையினர் நெஞ்சளவில் பிடிக்கட்டும். கடைசியாக வெளிச்சம்: மாணவர்களின் முதுகுப்பக்கம் ஜன்னல் இருந்தால் அட்டை இருட்டாகத் தெரியும். நீங்கள் ஜன்னல் பக்கம் போய் நின்று, மாணவர்களை உங்கள் பக்கம் திரும்பச் சொல்லி ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும்.

"கீழே போடுங்கள்" என்று சொல்வதற்கு முன் ஸ்கேனை நிறுத்திவிடுங்கள். அது ஓடும்வரை, அட்டையை இறக்கும்போது தற்செயலாகத் திரும்பிய எழுத்தும் விடையாகப் பதிவாகலாம்.

5. விடைகளின் வரைபடம் வந்த பிறகு

உடனே சரியான விடையைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் இவ்வளவு உழைப்பும் வீண். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய சக மாணவர் கற்பித்தல் முறையில் ஒரு நல்ல கணக்கு உண்டு. 70 விழுக்காட்டுக்கு மேல் சரி என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். 30க்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். இடைப்பட்டதுதான் நமக்குப் பொன்னான இடம். 40 பேரில் 12 முதல் 28 பேர் வரை சரியாகச் சொல்லியிருக்கும்போது, விடையைச் சொல்லாமல், "வேறு விடை சொன்ன ஒருவரிடம் 2 நிமிடம் பேசுங்கள்" என்று விடுங்கள்.

"டேய், ரூபாயா வச்சுப் பாரு. 0.4ன்னா 40 பைசா. 0.125 பன்னிரண்டரைதான். எது பெருசு?" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும் விளக்கம் நம்முடையதைவிடச் சட்டென்று போய்ச் சேரும்.

பிறகு மீண்டும் ஒரு சுற்று ஸ்கேன். இதற்காகவே அதே கேள்வியின் நகலைத் தொகுப்பில் அடுத்ததாக வைத்திருங்கள். முதல் சுற்றின் எண்ணிக்கை அழியாமல் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

புரொஜெக்டரில் பெயர்வாரியாக யார் சரி, யார் தவறு என்று காட்ட வேண்டாம். அந்தப் பட்டியல் ஆசிரியரின் செல்பேசியோடு நிற்கட்டும். ஒருமுறை எல்லோர் முன்னாலும் சிவப்பாகத் தெரிந்த பிள்ளை, அடுத்த முறை விடை தெரிந்தாலும் அட்டையைத் தூக்கத் தயங்கும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கேள்வியை ஒட்டினால் "mk;kh" என்பதுபோல் குப்பையாக வருகிறதே? உங்கள் பழைய வினாத்தாள் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. "அம்மா" என்பது அதில் அப்படித்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிய பிறகு ஒட்டுங்கள். ற, ன, கொம்பு எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள்.

ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் தனித்தனி அட்டை வேண்டுமா? வேண்டாம். அட்டை எண் அந்தந்த வகுப்புப் பட்டியலோடுதான் இணைகிறது; ஒரே கட்டை எல்லாப் பிரிவுகளுக்கும் எடுத்துப் போகலாம். எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் விநியோகிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கசங்கிய அட்டை இருந்தால் அந்த எண் உள்ள பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடித்தால் போதும்.