‘காத்திருப்போர் அறை’: வேர் பார்த்துப் பலகை எழுதுவது எப்படி?

பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் தொங்கும் இந்தச் சொல்லை முதலில் பிரியுங்கள்: காத்து + இருப்போர் + அறை. பின்னிரண்டில் சிக்கல் இல்லை. ‘காத்து’தான் ஆளை ஏமாற்றும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் முழுக்க அடிக்கிற சீமையில், ‘காத்து வாங்க உக்காருற எடம்’ என்று யாராவது பொருள் சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

சோதிப்பது எளிது. பேச்சில் வரும் ‘த்த’ எழுத்தில் ‘ற்ற’ ஆகிறதா என்று பாருங்கள். நேத்து, நேற்றாகும்; வீசுகிற காத்து, காற்றாகும். காத்திருப்பு மட்டும் மாறாது. அடுத்து, பக்கத்து மொழிகளைக் கேளுங்கள். கொங்கு நாட்டாருக்கு இது கைக்கெட்டும் வேலை. வாளையாறு தாண்டினால் மலையாளத்தில் காற்றுக்கு ‘ற்ற’, ‘காத்திரிக்குக’வுக்கு ‘த்த’. தாளவாடிப் பக்கம் கன்னடத்தில் ‘காயு’ என்றால் காவல் காப்பதும் காத்திருப்பதும் இரண்டுமே.

ஆக, வேர் ‘கா’, பொருள், பாதுகாத்தல். காவல், காப்பு, குறள் 127-இல் வரும் ‘நாகாக்க’ எல்லாம் இதே வேர்தான். சோளக்காட்டுக்குக் காவல் இருப்பவர் கண்ணை எடுக்காமல் இருந்த இடத்திலேயே இருப்பார். பஸ்ஸுக்கு நிற்பவர் செய்வதும் அதுதானே!

ஒரே ஒலி என்பதற்காக எல்லாக் ‘கா’வையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். சோலை என்னும் கா வேறு, தோளில் சுமக்கும் காவடித்தண்டான கா வேறு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. ஒரு பதிவோடு நிறுத்தாமல் அடுத்தடுத்தும் படியுங்கள்.

இனி பலகை. ‘காத்திருப்போர்’ ஒரே சொல்; நடுவில் இடம் விட்டால் காற்று மறுபடி புகுந்துவிடும். ‘அறை’க்கு வல்லின ற போடுங்கள். ‘அரை’ என்று எழுதினால் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்றாகிவிடும். கூடம் என்று எழுதுவதானால் ‘காத்திருப்போர் கூடம்’. நடுவே ‘க்’ வேண்டாம். உயர்திணைப் பெயரின் ஈற்று மெய் முன் வல்லினம் இயல்பாகவே நிற்கும் என்பது நன்னூல் விதி. (அதை எழுதிய பவணந்தியார் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பது இங்குள்ளோர் வழக்கு.) ஆனால் ‘காத்திருப்புக் கூடம்’ என்றால் ‘க்’ கட்டாயம், ஏனென்றால் காத்திருப்பு வன்தொடர்க் குற்றியலுகரம்; அதாவது ‘ப்பு’ போல வல்லின மெய்யை அடுத்த உகரத்தில் முடியும் சொல். அதன் பின் வல்லினம் மிகும். ரோட்டோரத்தில் கூரை மட்டும் இருந்தால் அறை என்று எழுதாதீர்கள். அதற்கு ‘நிழற்குடை’ இருக்கிறது. நிழல் + குடை சேரும்போது ‘ல்’ ‘ற்’ ஆகும். ‘நிழல்குடை’ என்று எழுதியிருந்தால் பெயிண்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.