பல் பாலம் கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கு

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு, வெளியில் தெரியாத இடம்தானே, மறுபக்கத்தால் மென்றுகொள்ளலாம் என்று அதை அப்படியே விட்டுவிடுபவர்கள் ஏராளம். ஆனால் மற்ற பற்கள் சும்மா இருப்பதில்லை. பின்னாலிருக்கும் பல் மெல்லச் சாய்ந்து காலி இடத்தை நோக்கி நகரும். எதிர்த்தாடையில் உள்ள பல், முட்டுக்கொடுக்க ஆளில்லாததால் தன் வரிசையை விட்டு வெளியே நீளும். சில ஆண்டுகள் கழித்துப் பல் கட்டிக்கொள்ளலாம் என்று போகும்போது கட்டுவதற்குப் போதிய இடம் இருக்காது.

பிரிட்ஜ் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் பல் பாலம், மூன்று பற்கள் ஒரே துண்டாக இணைந்த அமைப்பு. இழந்த பல்லின் இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் சீவி, அவற்றின் மீது தொப்பி போலக் கேப்களை மாட்டி, அந்த இரண்டு கேப்களுக்கும் நடுவில் செயற்கைப் பல்லைத் தொங்கவிடுகிறார்கள். நடுப்பல்லுக்கு வேர் கிடையாது என்பதால், அது மெல்லும் பாரத்தையும் பக்கத்துப் பற்களே சுமக்க வேண்டும். ஆகவே செராமிக்கின் விலையை விசாரிப்பதற்கு முன், தாங்கப்போகும் அந்த இரண்டு பற்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை விசாரிக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்து, வேரைச் சுற்றி எலும்பு போதுமான அளவு இருக்கிறதா, ஈறு நோய் இருக்கிறதா, பல் ஆடுகிறதா என்று பார்த்த பிறகே மருத்துவர் பாலத்தைப் பற்றிப் பேச வேண்டும்; பார்க்காமல் பேசினால் நாமே கேட்டுவிடலாம், அதில் தவறில்லை.

பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தையோ அடைப்போ இல்லாமல் நன்றாக இருந்தால், பாலத்துக்குச் சம்மதிப்பதற்கு முன் தாடை எலும்பில் பொருத்தும் இம்ப்ளாண்ட் முடியுமா என்று கேட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கேப் உட்காருவதற்காக ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவப்படும் எனாமல் மறுபடி வளராது. மாறாக, அந்தப் பற்களுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து, எப்படியும் கேப் போட வேண்டிய நிலை இருந்தால், பாலம் ஒரே வேலையில் இரண்டு பயன் தரும். முன்பல் ஒன்று மட்டும் இல்லாதவர்களுக்கு, பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் சிறு இறக்கை போல ஒட்டும் மேரிலண்ட் பாலமும் உண்டு. அதற்கு மிகக் குறைவாகச் சீவினால் போதும்.

பல் பிடுங்கிய புண் ஆறி, ஈறும் எலும்பும் சுருங்கி நிலைபெற 2 முதல் 3 மாதங்கள் ஆகும். அவசரப்பட்டுக் கட்டினால், பின்னர் ஈறு இறங்கி, நடுப்பல்லுக்கு அடியில் இடைவெளி விழுந்து உணவு சேரும்.

முன்பற்களுக்குக் கட்டும்போது நிறம் பார்ப்பதை, பற்களைச் சீவுவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் உலர்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். நாற்காலிக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயம் இல்லாமல், மாதிரிப் பற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முறை. உலோகத்தின் மேல் செராமிக் பூசிய பாலம் வலுவானது என்றாலும், ஈறு இறங்கினால் விளிம்பில் கருங்கோடு தெரியக்கூடும். உலோகம் இல்லாத வெண்ணிறச் செராமிக் வகையான சிர்கோனியாவில் அந்தத் தொல்லை இல்லை.

அளவெடுத்த பிறகு, நிரந்தரப் பாலம் தயாராகும் வரை பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பாலம் வைப்பார்கள். அந்த நாட்களில் முறுக்கும் மிட்டாயும் வேண்டாம்.

பொருத்தும் நாளில் நீல நிறத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே அதிகமாக நீலம் படிகிறதோ அங்கே பாலம் உயரமாக இருக்கிறது என்று பொருள். மெல்லிய உறுத்தல் இருந்தாலும் அப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் போகப் போகப் பழகிவிடும் என்று வாங்கிக்கொண்டு வந்த உயரம், தாங்கும் பல்லில் வலியாகத் திரும்பி வரும். சந்தேகம் இருந்தால், முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக சிமெண்டால் ஒட்டிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

பாலத்துக்குச் சொத்தை வராது. அதைத் தாங்கும் பல்லுக்கு வரும். என் அம்மாவுக்குக் கட்டிய பாலம் கடைசி வரை பளபளவென்றே இருந்தது, ஆனால் அடியில் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததால், கேப்பின் விளிம்புக்குக் கீழே பல் சத்தமில்லாமல் அரித்துப்போனது. சூப்பர் ஃப்ளாஸ் என்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் நூலின் ஒரு முனை விறைப்பாக இருக்கும். அந்த முனையை நடுப்பல்லுக்கும் தாங்கும் பல்லுக்கும் இடையே, ஈறை ஒட்டி, கன்னத்தின் பக்கத்திலிருந்து நாக்கின் பக்கத்துக்குச் செலுத்தி இழுத்தால், பஞ்சு போன்ற நடுப்பகுதி பாலத்துக்கு அடியில் வந்து நிற்கும். அதை முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை ஓட்டி, இருபுறக் கேப்களின் விளிம்பையும் தேய்த்துவிட்டு, நூலை ஒரு பக்கமாக உருவிவிடலாம். இரவில் ஒரு முறை செய்தால் போதும்.

ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் விட்டுப்போவது எளிதில் தெரியாது. கடித்து விடும்போது லேசான அசைவு, அந்த இடத்தில் மட்டும் கெட்ட சுவை அல்லது நாற்றம் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். பாலம் முழுவதுமாகக் கழன்று வந்துவிட்டால், வீட்டிலிருக்கும் பசையைத் தொடவே கூடாது. கழுவி, ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால், உள்ளே பல் கெடாமல் இருக்கும்பட்சத்தில் அதையே மறுபடி ஒட்டித்தர வாய்ப்பு உண்டு.