தனுஷ்கோடிக் காற்றுக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் ஐயா கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனது தனுஷ்கோடி வழியாகத்தான். 1914-லிருந்தே அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போய்விட முடிந்தது. அந்த மண்ணை மிதிக்கத் தேவகோட்டையிலிருந்து வருஷம் ஒரு தடவையாவது பேரப்பிள்ளைகளோடு போய்விடுவேன்.

விடியக்காலம் நாலு மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். திருவாடானை, ராமநாதபுரம், பாம்பன் வழியாகப் போய் ராமேசுவரத்தில் காலைப் பலகாரம் சாப்பிடலாம். கோயிலைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறுமுன் மணலுக்குப் போய்ச் சேருவதுதான் முக்கியம். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017 வரை சாலையே கிடையாது, மணலில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போகும். இப்போது நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை நல்ல சாலை. பொழுது சாய்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடக்கே பாக் நீரிணை குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் நேர்மாறு. வடக்கே இருப்பதைப் பெண்கடல், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள். எந்தக் கடல் அடங்கியிருந்தாலும் அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே கூடாது. இரண்டு தண்ணீரும் கூடுகிற இடம், இழுப்பு பொல்லாதது.

வண்டியை முகம் காற்றைப் பார்க்க நிறுத்துங்கள். பின்னாலிருந்து அடித்தால் திறக்கிற கதவைக் காற்று பிடுங்கிவிடும். சேலை கட்டுகிறவர்கள் முந்தானையை இழுத்துச் செருகித் தோளில் இரண்டு ஊக்குப் போடுங்கள். குடை நிற்காது. பறக்கிற மணல் காலில் சுருக்கென்று குத்தும், பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள். கண்ணாடியில் படிகிற உப்பையும் மணலையும் துணியால் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் துடைக்கணும். ஒரு தடவை வெட்டவெளியில் கட்டுச்சோற்றைப் பிரித்து, ஒரு கவளம்கூட வாயில் வைக்க முடியாமல் போயிற்று. அன்றிலிருந்து சீப்புச்சீடையும் மாவுருண்டையும் மூடி போட்ட சம்படத்தில்தான்.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில், ஆட்களோடு வந்த ரயிலையே கடல் கொண்டுபோன ஊர் இது. இடிந்த மாதா கோயில் சுவர் மறைவுக்குப் போனால் காற்றுச் சத்தம் சட்டென்று தணியும். நான் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். படம் பிடிக்கச் சுவர்மேல் ஏறுகிறவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. அத்தனை பேர் செத்த இடம் அப்பா, கல்லைப் பெயர்த்து எடுத்துவராதீர்கள். மாசி, பங்குனி வாக்கில் போனால் வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும்.

அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர், கனமான உப்புத்தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது; ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும். அந்த ஊற்றில் கால் கழுவாதீர்கள். கைகால் கழுவ ஒரு குடம், குடிக்க ஒரு குடம் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு போங்கள்.