வெள்ளையாகிப்போன பஸ் டிக்கெட்: சுற்றுலா ஸ்கிராப்புக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி போய் வந்து நாங்கள் செய்த முதல் ஸ்கிராப்புக்கை (படம், டிக்கெட், குறிப்பு எல்லாம் ஒட்டிய நினைவுப் புத்தகம்) மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது, "இந்த வெள்ளைப் பேப்பரை எதுக்கும்மா ஒட்டி வெச்சிருக்கே?" என்று மகள் கேட்டாள். அது கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போன பஸ் டிக்கெட். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. பக்கத்தில் ஒட்டிய லாட்ஜ் பில்லில் மொத்தத் தொகை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மறக்க வேண்டியது மட்டும் மறையவில்லை.

கண்டக்டர் மெஷினில் கிழித்துத் தரும் டிக்கெட்டில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அதுதான் எழுத்து. ஓட்டல் பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் பெரும்பாலும் இதே ரகம். வெயில், பிளாஸ்டிக் உறை, சில பசைகள், செலோடேப் என்று எது பட்டாலும் வெளுக்கும். "சரி, லேமினேட் பண்ணிடலாம்" என்று கடைக்குக் கொண்டுபோனால் இன்னும் மோசம். அந்தச் சூட்டில் டிக்கெட் முழுக்கக் கறுத்துவிடும். ஊர் திரும்பிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து நகலை ஒட்டுங்கள். அசல் ஒரு காகித உறைக்குள் இருட்டில் இருக்கட்டும்.

அடுத்த தவறு, கரு இல்லாமல் தொடங்குவது. 'ஊட்டி 2023' என்பது பெயர்தான், கரு இல்லை. அந்தத் தலைப்பில் பூங்கா, படகு, தொட்டபெட்டா, சாக்லேட் கடை எல்லாமே உள்ளே வந்துவிடும். பூச்செடி முன்னால் வரிசையாக நின்ற 40 படங்களும் வரும். நாங்கள் இரண்டாவது முறை 'மலை ரயில்' என்று மட்டும் எடுத்துக்கொண்டோம். உடனே எதை விடுவது என்பது தெரிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் அரைத்தூக்கத்தில் நின்ற பிள்ளைகள், கல்லாறு தாண்டியதும் தொடங்கும் பல்சக்கரத் தண்டவாளம், ரயிலை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின், நடுவழி ஸ்டேஷனில் பிஸ்கட்டைப் பிடுங்கிய குரங்கு. இருபத்தைந்து படங்களில் முடிந்தது. மிச்சம் போனிலேயே இருக்கிறது, யாரும் தேடவில்லை.

படத்துக்குக் கீழே எழுதுவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. இந்த ரயில் பாதை 1908-இல் ஊட்டி வரை வந்தது, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்று அழகான கையெழுத்தில் எழுதி வைப்போம். அதெல்லாம் இணையத்தில் எப்போதும் கிடைக்கும். அன்றைக்கு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் நுழைந்து வரும் குகைகளை எண்ணிக்கொண்டே வந்தார், 14 என்றார். மகன் 17 என்றான். ஊட்டி வந்தும் சண்டை. உண்மையில் பாதை முழுக்க 16. எங்கள் புத்தகத்தில் மூன்று எண்களும் அவரவர் கையெழுத்தில் இருக்கின்றன. அப்பா தன்னுடையதை இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவரே எல்லாப் பக்கத்தையும் எழுதினால் இதெல்லாம் கிடைக்காது. கையெழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இனி பசை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: பசை தடவிய அட்டை, மேலே இழுத்து மூடும் பிளாஸ்டிக் தாள். அந்த ஆல்பங்களில் பசை பழுத்து, படமும் அட்டையும் ஒன்றாகிப்போயிருக்கும். இன்றும் அந்த ரகம் கடையில் கிடைக்கிறது; வாங்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பழைய படம் இருந்தால் பிய்க்க வேண்டாம். முதலில் இருக்கிற நிலையிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையில் விட்டு, ரம்பம் போல மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தாத்தா காலத்துக் கறுப்பு அட்டை ஆல்பத்தில் படத்தை ஒட்டவே மாட்டார்கள். நான்கு மூலைக்கும் சின்னக் காகித முக்கோணம். பக்கங்களுக்கு நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய தாள். அந்த முக்கோண மூலைகளை நாமே வெட்டிச் செய்யலாம். பசை மூலையில் மட்டும் படும், படத்தில் படாது. தாள் அமிலமற்றதாக இருந்தால் நல்லது. மைதா பசை காய்ச்சும் வழக்கமுள்ள வீடுகளில் ஒரு எச்சரிக்கை: அது காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

பிரிண்ட் போடும்போது குடும்பக் குழுவில் வந்த வாட்ஸ்அப் படத்தை அப்படியே கடைக்கு அனுப்புவது எல்லோரும் செய்வது. அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. நாலுக்கு ஆறு அங்குலத்துக்குத் தாக்குப்பிடிக்கலாம். பக்கம் முழுக்க ஏ4 அளவில் போட்டால் முகங்கள் மெழுகு போல ஆகிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) என்று கணக்கிட்டால் நாலுக்கு ஆறுக்கு 1200-க்கு 1800 புள்ளி வேண்டும், ஏ4-க்கு 2480-க்கு 3508. எடுத்தவரிடமே அசலைக் கேளுங்கள், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிரிண்டின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் வரி வரியாகத் தெரியும். ஜெல் பேனா எதிர்ப்பக்கப் படத்தில் அச்சாகும். குறிப்பைப் பக்கத்தில் எழுதுங்கள், படத்தில் வேண்டாம்.

பொருள்களை ஒட்டுவதில்தான் எங்கள் வீட்டில் அதிகச் சேதம். வர்க்கி வாங்கிய பையைக் கத்தரித்து ஒட்டினோம். எண்ணெய் இரண்டு பக்கம் தாண்டி ஊறி, குன்னூர் ஸ்டேஷன் போர்டின் மேல் வட்டமாக நின்றது. யூகலிப்டஸ் இலையைப் பச்சையாகவே வைத்ததில் பூஞ்சை பிடித்தது. இலையானால் பழைய செய்தித்தாளுக்கு நடுவே கனமான புத்தகங்களின் அடியில் இரண்டு வாரம் வையுங்கள். தாளை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். காய்ந்த பிறகும் நேரே ஒட்டாமல் ஒரு காகிதப் பையில் செருகுங்கள். எண்ணெய்ப் பையைப் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

முடித்த புத்தகத்தைப் பரணில் போடாதீர்கள். கோடையில் ஓட்டுக்கடியில் அடுப்புச் சூடு, ஐப்பசியில் ஈரம். பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். பூச்சி அண்டாமலிருக்க, துணியில் முடிந்த வசம்பை அதே தட்டில் வைக்கலாம், பக்கங்களுக்கு நடுவே வேண்டாம், கறை படியும். பட்டுப்புடவைகளை எடுத்து மடிப்பு மாற்றி நிழலில் காற்றாட விடும் நாளில், இதையும் எடுத்து ஒருமுறை புரட்டிவிட்டு உள்ளே வையுங்கள்.