பேர்ட்ஸ்வில் பாதையில் பயணம்: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரி என்ற சிற்றூரிலிருந்து குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளையும் களிமண்ணும் கலந்த மண்பாதை. நடுவில் எரிபொருள் கிடைக்கும் இடம் முங்கரானி விடுதி ஒன்றுதான். அது மாரியிலிருந்து 204-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. வானம் வெளுத்திருந்தால் ஒரே நாளில் கடந்துவிடலாம். சிக்கல் வருவது, அந்த ஒரு நாளுக்கு மட்டும் திட்டமிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு.

முதல் தவறு எரிபொருள் கணக்கில். வரைபடத்தில் தெரியும் தூரத்தை, தார்ச்சாலையில் வண்டி கொடுக்கும் மைலேஜால் வகுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் குடிக்கும் நான்கு சக்கர இயக்க வண்டி, முழுச் சுமையோடு சரளையில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 16 லிட்டர் குடிக்கும். முங்கரானியிலிருந்து பேர்ட்ஸ்வில் 313 கிலோமீட்டர். அதற்கு 50 லிட்டர். 80 லிட்டர் டேங்க் தாராளம் என்று தோன்றும். ஆனால் பேர்ட்ஸ்வில்லுக்கு 20 கிலோமீட்டர் முன்னால் தண்ணீர் பாதையை மறித்துவிட்டால்? வந்த வழியே முங்கரானிக்குத் திரும்ப வேண்டும். போக 293, வர 293. மொத்தம் 586 கிலோமீட்டர், ஏறக்குறைய 94 லிட்டர். எனவே போய்ச் சேரும் தூரத்துக்கு மட்டுமன்றி, பாதி வழியில் திரும்பிவரும் தூரத்துக்கும் எரிபொருள் வேண்டும். முழு டேங்கோடு ஒரு 20 லிட்டர் கேன் இருந்தால் இது சரியாகிவிடும். கேனை ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் வைக்கக் கூடாது, ஆவி தேங்கும். பங்க் மூடும் நேரத்தை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குவீன்ஸ்லாந்து கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலியாவைவிட அரை மணி முன்னால் ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது டயர். இந்தப் பாதையில் வண்டி நிற்பதற்கு எஞ்சினைவிட டயரே அதிகம் காரணம். ஸ்டர்ட் கல்பாலைவனத்தின் ஓரமாகப் போகும் பகுதியில் கூர்மையான கற்கள் பாதையெங்கும் கிடக்கின்றன. தார்ச்சாலைக்கு ஏற்றிய 38 பிஎஸ்ஐ காற்றோடு அப்படியே இறங்கினால், விறைத்த டயரைக் கல் குத்திக் கிழிக்கும். 28 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் கல்லின்மேல் வளைந்து கொடுத்துப் போகும். அலையலையான மேடுபள்ளத்தில் வண்டியின் நடுக்கமும் குறையும். ஆனால் காற்றைக் குறைத்தவர் வேகத்தையும் 80-க்குள் வைக்க வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச் சுவர் சூடேறி வெடித்துவிடும். ஓர் எளிய சோதனை: காலையில் குளிர்ந்த டயரின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். 4 முதல் 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால், காற்று அளவுக்கு மீறிக் குறைவு, அல்லது சுமையோ வேகமோ அதிகம்.

ஒரு ஸ்டெப்னி போதாது. முழு அளவில் இரண்டு வேண்டும். டிக்கியில் வரும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் இங்கே கணக்கில் வராது. கூடவே பஞ்சர் ஒட்டும் கிட், 12 வோல்ட் காற்று பம்ப், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை. பலகை இல்லாவிட்டால் புழுதி மண்ணில் வண்டி எழும்புவதற்குப் பதிலாக ஜாக்கிதான் புதையும்.

மழையைப் பற்றிப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள். பாலைவனத்தில் மழை ஏது என்பது ஒன்று. தலைக்குமேல் மேகம் இல்லை, அதனால் வெள்ளமும் இல்லை என்பது இன்னொன்று. ஒரு நல்ல மழையிலேயே களிமண் பாதை சகதியாகி, நாட்கணக்கில் மூடிவிடுவார்கள். குறுக்கே ஓடும் கூப்பர் ஆற்றுக்கோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை வாரங்கள் கழித்து நீல வானத்தின்கீழ் வந்து சேரும். அப்போது ஒரு சிறு படகுதான் வண்டிகளை அக்கரை சேர்க்கும். கிளம்பும் நாளன்று காலையில் இரு மாநிலங்களின் அரசுச் சாலை அறிவிப்பையும் பாருங்கள். மூடிய பாதையில் இறங்கினால் கடும் அபராதம் உண்டு, காப்பீடும் கைவிரிக்கும். வாடகை வண்டியென்றால் மண்பாதைக்கே அனுமதி இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்க்க வேண்டும்.

பள்ளி விடுமுறை கிடைக்கிறதே என்று டிசம்பர், ஜனவரியில் போவது பெரிய தவறு. குவீன்ஸ்லாந்தில் பதிவான உச்ச வெப்பமான 49.5 டிகிரி பதிவானது பேர்ட்ஸ்வில்லில்தான், 1972 டிசம்பர் 24 அன்று. மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். இரவுக் குளிருக்குக் கம்பளி வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் பேர்ட்ஸ்வில் குதிரைப் பந்தயம் நடக்கும். முன்பதிவு செய்யாமல் போனால் தங்க இடம் கிடைப்பது கடினம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்பது குறைந்தபட்சம். வெயில் காலத்தில் அது போதாது. பயண நாளோடு மூன்று நாட்கள் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஒரு நாள் பயணம் என்றால் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. அதை ஒரே பெரிய கேனில் வைக்காதீர்கள். குலுங்கலில் அது விரிசல் விட்டால் மொத்தமும் போய்விடும். 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து, வண்டியின் தரையில் கட்டி வையுங்கள். கூரையில் ஏற்றினால் வண்டி எளிதில் கவிழும்.

இருட்டில் ஓட்டாதீர்கள். வேலி இல்லாத பண்ணை நிலம் இது. மாலையிலும் விடியலிலும் கங்காருவும் மாடும் பாதையில் நிற்கும். குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். சரளையில் வண்டி உருண்டு உயிர் போவது பெரும்பாலும் ஒடித்துத் திருப்புவதால்தான். எதிரே பல டிரெய்லர்களைக் கோர்த்த ரோடு டிரெய்ன் வந்தால் இடதுபுறம் ஒதுங்கி நின்று, புழுதி அடங்கியபின் நகருங்கள். யூஎச்எஃப் ரேடியோவில் 40-ஆவது சேனலை வைத்திருந்தால் அதன் ஓட்டுநரோடு பேசலாம்.

இரு ஊர்களையும் விட்டு வெளியே வந்தால் பாதையில் செல்போன் சிக்னல் இருக்காது. இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவுக்குத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியான பிஎல்பி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்திருங்கள். சொந்தக் கருவியை ஆஸ்திரேலிய கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம். எந்த வழி, எத்தனை மணிக்குச் சேர்வீர்கள், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. 1963 டிசம்பரில் இந்தப் பகுதியில் பெட்ரோல் தீர்ந்து, காரை விட்டு விலகிப் போன ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் தாகத்தில் இறந்தார்கள். வானிலிருந்து தேடுகிறவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் எளிதில் கண்ணில் படும். பானட்டைத் தூக்கி வையுங்கள், தார்பாலினால் நிழல் கட்டிக்கொள்ளுங்கள், பகலில் அசையாமல் இருங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் பிஎல்பியின் ஆன்டெனாவை விரித்து, திறந்த வானம் தெரியும்படி வைத்து இயக்குங்கள். இயக்கியபின், மீட்புக் குழுவினர் சொல்லும் வரை அணைக்காதீர்கள்.