ஒரு சிறிய அமெரிக்க ஊரை நிலப்படத்திலிருந்து தொடங்கிப் படிக்கும் முறை

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அது நிறுவப்பட்ட ஆண்டையும் அங்கே வாழ்ந்த புகழ்பெற்ற மனிதரையுமே முதலில் தேடுகிறார்கள். அவற்றைச் சற்றுத் தள்ளிவைத்து, அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்று கேட்டுத் தொடங்குவதே நல்லது. இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஜோ டேவிஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின்) தலைமையிடமாக உள்ள கலீனாவை வைத்து இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 1:24,000 அளவுத்திட்ட நிலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளும் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே சரிவு, விலகியிருந்தால் சமநிலம். இல்லினாயின் பெரும்பகுதி தட்டையாகக் கிடக்க, கலீனாவைச் சுற்றி அக்கோடுகள் நெருக்கியடித்துச் சுருண்டிருக்கும். பனியூழியின் பனிப்பாளங்கள் மூடித் தேய்க்காமல் விட்ட நிலம் அது.

அடுத்து சாலைகளைப் பாருங்கள். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் புதிய நிலங்களை 6 மைல் பக்கமுள்ள சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரத்தையும் 36 பிரிவுகளாகவும் அளக்கச் சொன்னதால், அப்பகுதியின் நாட்டுப்புறச் சாலைகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. கலீனாவின் மெயின் தெருவோ ஆற்றோடு சேர்ந்து வளைகிறது. அதற்கு மேலே குன்றின் மீதுள்ள வீடுகளுக்குப் படிக்கட்டுகள் ஏறுகின்றன. கட்டத்தை மீறி வளையும் தெரு எங்கே கண்ணில் பட்டாலும் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள்.

இங்கே காரணம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. கலீனா என்பது காரீயத்தின் தாது. மெஸ்குவாக்கி, சாக் பழங்குடியினர் முன்பே தோண்டி உருக்கிவந்த அந்தத் தாதுவை நாடி 1820களில் குடியேறிகள் திரண்டனர். மிசிசிப்பியிலிருந்து கிளையாற்றின் வழியாக நீராவிப் படகுகள் ஊர்வரை வந்தன. 1840களில் நாட்டின் காரீயத்தில் பெரும்பங்கு இவ்வட்டாரத்தில்தான் கிடைத்தது. பழைய ஆவணங்களில் இந்த ஆறு ஃபீவர் ஆறு என்றே வழங்கும். இப்போதைய பெயரான கலீனா ஆற்றை மட்டும் வைத்துத் தேடினால் பாதிச் செய்தி கைநழுவிப் போகும்.

ஊரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மக்கள் தொகைக் கணக்கில் காணலாம். 1860இல் சுமார் 8,000 பேர் இருந்த ஊரில் 2020இல் ஏறத்தாழ 3,300 பேரே இருந்தனர். உலைகளுக்காக மரங்களை வெட்டிய சரிவுகளிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் கரைந்த மண் ஆற்றைத் தூர்த்தது. 1850களில் வந்த இரயில் பாதையோ கலீனாவோடு நில்லாமல் மிசிசிப்பிக் கரைவரை நீண்டது. தனிநபர் பெயர்களைத் தேடுவோர் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும்: 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீ விபத்தையடுத்து அழிந்துபோனது, பெயர்ப் பட்டியல்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே வெளியாவதால் இப்போதைக்கு 1950 வரைதான் பார்க்க முடியும்.

கட்டடங்களைப் பற்றி அறிய, காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சான்போர்ன் நிறுவனம் வரைந்த தீக்காப்பீட்டு வரைபடங்களை விஞ்சியது இல்லை என்பேன். ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில், செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பாகவும் மரக் கட்டடம் மஞ்சளாகவும் கல் கட்டடம் நீலமாகவும் அவற்றில் தீட்டப்பட்டிருக்கும். ஒரே தெருவின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்தால், மஞ்சள் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு வந்திருப்பதோ வெற்றிடம் விழுந்திருப்பதோ உடனே தெரிந்துவிடும்.

புகழ்பெற்ற மனிதரைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான யுலிசீஸ் கிராண்ட் 1860இல் கலீனாவுக்கு வந்து தந்தையின் தோல் கடையில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்டுவிட்டார். வென்று திரும்பியவருக்கு 1865இல் ஊரார் பரிசளித்த வீட்டைப் பார்க்கவே இன்று பலர் வருகிறார்கள். ஆனால் போருக்கு முன் அவர் அங்கே வாழ்ந்தது ஓராண்டு அளவுதான். கட்டுரையில் அவருக்கு ஒரு பத்தி தாராளம்.